தங்கமான தரகர்

அது ஆடி மாதமா, ஆவணியா என்று அருள்மணிக்கே இப்போது சந்தேகம்தான். பொன்னமராவதியில் குழந்தைசாமியின் பெயிண்ட் கடைக்குப் போயிருந்தான். கடைக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளுக்கு ஏஐ தானாகப் பதில் சொல்லும்படி அமைத்துத் தருவது அவன் தொழில்.

"மெசினைப் பேசவிட்டுக் காசு பாக்குறியாக்கும்? இதெல்லாம் ஒரு பொழப்பாய்யா?"

"ஒங்களுக்கு வேலை மிச்சங்க."

"மனுசன் பேசுற மாதிரி வருமா? எம்மக வைஷ்ணவிக்கு மாப்பிள்ளை பாக்குறாரே திருக்கோகர்ணத்துத் தரகர், அவர்ட்டப் படி. எப்பக் கேட்டாலும் ஒடனே பதில். ஒருநாள் சலிச்சுக்கிட்டதில்லை. அவரை நம்பி வேற எங்கிட்டும் சொல்லி வைக்கலை."

கல்லாவில் இருந்த வைஷ்ணவி நிமிரவில்லை. குழந்தைசாமி போனை நீட்டினார்.

'அண்ணே, சர்க்கரைக்கு மாத்திரை போட்டீங்களா? பாப்பாவுக்குத் தங்கமான எடமாப் பாத்துக்கிட்டே இருக்கேன்.'

அருள்மணி படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"அந்தப் பதிலை அமைச்சுக் கொடுத்ததே நான்தாங்க. அந்தத் தரகர் இந்தத் தொழிலையே விட்டுட்டு மகனோட துபாய் போயி ஒரு வருசமாச்சு. அவரும் நிறுத்தச் சொல்லலை, நானும் நிறுத்தலை."

குழந்தைசாமியின் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டது?"

"அதுவும் மெசின்தாங்க."

வைஷ்ணவி சிரித்தாள்.

"ஒங்களை அதாச்சும் கேட்டுச்சுப்பா. என்னைய யாரு கேட்டா?"

குழந்தைசாமி இப்போது ஊர் ஊராக அலைந்து தானே மாப்பிள்ளை தேடுகிறார். வைஷ்ணவி சென்னையில் ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். தரகர் துபாயில் சுகமாக இருக்கிறார். அருள்மணி புதுக்கோட்டையில் சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டான்.