ஜீவாவுக்கு விருந்து

"அடடா, இதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்கலாமுங்களா ஜீவா? நூறு தடவ கேளுங்க, நூறு தடவயும் நான் சொல்றேன்."

கம்ப்யூட்டரில் அடிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பது குருமூர்த்தியின் பழக்கம். அந்தக் குழைவைக் கேட்டபடி காபி டம்ளரை மேசைமேல் வைத்த அவன் மனைவி தேவிப்ரியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பானா?

"ஏனுங்க, காபி ஆறுதுங்க."

"வெச்சுட்டுப் போ. கண்ணு தெரியலயா? ஜீவாவுக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்கேன்ல."

குருமூர்த்தி, நாமக்கல்லில் வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்கிறவன். அது வயிற்றுப்பாட்டுக்கு. பேர் வாங்குவதற்கு இன்னொன்று வைத்திருந்தான். மென்பொருள் சந்தேகங்களுக்கு இலவசமாகப் பதில் எழுதும் ஓர் இணையக் குழுவில் அவன் பெரிய ஆள்.

பதில் பிடித்திருந்தால் கேட்டவர் பச்சை டிக் போடுவார். அவனுக்குக் குவிந்த டிக்குகளில் பாதி ஜீவா போட்டவை. ஜீவா ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, ஒன்றும் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு படம்கூடக் கிடையாது.

ஒரு காலத்தில் தேவிப்ரியாவும் அவனிடம் சந்தேகம் கேட்டவள்தான். இளம்பிள்ளை ஊர் நெசவுக்காரர்களிடம் சேலை எடுத்து வந்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். ஒரு நிறத்தில் ஒரே சேலைதான் இருக்கும். அதைத் தெரியாமல் இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, கல்யாண வீட்டுக்காரி ஒருத்தியிடம் காது கூசும்படி வாங்கிக் கட்டிக்கொண்டாள். திரும்பவும் அப்படியே ஆனது. இன்னொரு தடவை நடந்தால் வியாபாரத்தை மூட வேண்டியதுதான் என்ற நிலைமை.

"வித்த சேலை லிஸ்ட்டுல இருந்து தானா மறைஞ்சுக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. இல்லாட்டி எப்படீன்னு சொல்லுங்க, நானே கத்துக்கறேன்" என்று அன்றைக்கு அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கெஞ்சினாள்.

அவன் தலையைத் திருப்பக்கூட இல்லை. "உனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு எருமமாட்டுக்குச் சொல்லிக் குடுக்கலாம். போயி சோத்த வடி."

அதற்கப்புறம் அவள் அவன் நாற்காலிப் பக்கம் போய் நிற்கவில்லை. ஒரு சேலையை இரண்டு பேருக்கு விற்பதும் நின்றுபோனது. எப்படி நின்றது என்று கட்டினவன் கேட்டானா? கேட்கிற மூஞ்சியா அது, தூ!

காபி ஆறி ஆடை கட்டிய பிறகு உள்ளேயிருந்து கத்தினான்.

"தேவி! இந்த வருசம் எங்க குழு விருது எனக்குத்தான். ஞாயித்துக்கெழம சேலத்துல விழா!"

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விருதைக் கொடுக்க மந்திரி, அதிகாரி என்று யாரையும் கூப்பிட மாட்டார்கள். விருது பெறுகிறவர் யாருக்கு அதிகமாகச் சொல்லிக் கொடுத்தாரோ, அவர் கையாலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

"அப்ப ஜீவா வாராங்களா?" என்றாள் தேவிப்ரியா.

"வாராராம்! நீயும் வா. ஓரமா உக்காந்துக்க. ஆராச்சும் பேச்சுக் குடுத்தாச் சிரிச்சு வெய்யி. கம்ப்யூட்டரப் பத்தி வாயத் தொறந்து எம் மானத்த வாங்கிராத."

"செரிங்க."

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் அரங்கு நிறைந்திருந்தது. புதுச் சட்டையோடு மேடையில் நின்ற குருமூர்த்தி மைக்கைப் பிடித்தான். தேவிப்ரியா கடைசி வரிசையில் இருந்தாள்.

"கேக்கறவங்க ஆருன்னு நான் பாக்கறதில்லீங்க. ஒண்ணுந் தெரியாம வாரவங்களுக்குப் பொறுமையாச் சொல்லிக் குடுக்கறது, எனக்குச் சாமி கும்புடற மாதிரிங்க."

கைதட்டல் அடங்க நேரமானது. பக்கத்து நாற்காலிப் பெண் தேவிப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்து வெச்சவங்க நீங்க. ஊட்டுக்குள்ளயே வாத்தியாரு!"

தேவிப்ரியா சொல்லிவைத்தபடி சிரித்தாள். வாயில் ஊறிய எச்சிலைத் துப்ப இடமில்லாமல் விழுங்கினாள்.

குருமூர்த்தி இன்னும் முடிக்கவில்லை. "ஜீவாவ நான் நேர்ல பாத்ததில்லீங்க. ஆனா அப்படியொரு மூளைய என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. விழா முடிஞ்சதும் எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி எலை போட்டு விருந்து வெக்கப் போறேன். எம் பொஞ்சாதி நல்லா ஆக்குவா. அவளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்!"

அரங்கமே சிரித்தது. குழுவின் தலைவர் அருணகிரி கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஜீவா, மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டார்.

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். குருமூர்த்தியும் எக்கிப் பார்த்தான். வாசலில் யாரையும் காணோம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவழியில் தேவிப்ரியாதான் வந்துகொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது? போய் உட்காரு என்று கையை ஆட்டி விரட்டினான். மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான். அவள் பாட்டுக்குப் படியேறினாள்.

அருணகிரி கும்பிட்டுக் கேடயத்தை அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் புருஷன் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"புடிங்க. ஜீவாவுக்கு விருந்த இன்னைக்கு நீங்க ஆக்குங்க."