ஊதா ஷேடு

கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்து, வண்ணம் தீட்டிய தன் படங்களை முதல்முறையாகப் பார்த்ததுமே பிரேம்நாத்துக்குக் கோபம் தலைக்கேறியது. மனைவியின் முகத்தை லினோ என்னும் மெத்தென்ற அச்சு ஷீட்டில் செதுக்கிக் கறுப்பில் அச்சடித்தவன் அவன். அந்தப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியவள் அதே மனைவி தேவகி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலுக்கு ஷேடு ஒத்துப்பார்ப்பவள்.

"இன்னாடி இது? எல்லாப் படத்துலயும் கன்னத்துல ஊதாவ அப்பி வெச்சிருக்க!"

"ஷேடு கரெக்டாத்தான் இருக்குங்க."

"கம்பெனில சாம்பிள் பாத்துத்தானே கலர் போடுவ? இதுக்கு எந்தச் சாம்பிளப் பாத்த?"

அவன் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. தேவகி கன்னத்தை மறைத்திருந்த முந்தானையை விலக்கினாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அதே இடத்தில், அதே ஊதா.

"முந்தாநேத்து நீ அறைஞ்சியே, அதான் சாம்பிள். ஒத்து வருதா, நல்லாப் பாரு!"