வாசல் சுவர்ப் பெட்டி

மழை விட்ட மாலை வெளிச்சத்தில் வாசல் சுவர் இன்னும் ஈரமாக மின்னுகிறது. அந்த வீட்டில் தனியாளாய் இருக்கும் பெரியவர், ஸ்டூலின் மேல் நின்று, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியின் கடைசி ஸ்குருவை முடுக்குகிறார். கூரையோரம் ஓடும் பண்டிகைக்காலச் சீரியல் பல்புகளின் கன்ட்ரோலர் உள்ளே இருக்கிறது. வயர்கள் எல்லாம் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, அப்புறம் மேலேறி அடிப்பக்கமாக நுழைகின்றன. மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். போன வருஷம் வயருக்காகப் பெட்டியின் மேல்பக்கம் ஓட்டை போட்டுத் தொலைத்தார். ஒரே மழையில் கன்ட்ரோலர் புகைந்து, பண்டிகை முழுக்க வீடு இருண்டு கிடந்தது. மூடியின் ரப்பர் பட்டையை விரலால் நீவி, மூடி, பூட்டுப் போட்டு இழுத்துப் பார்க்கிறார். மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் குடையை உதறியபடி நிற்கிறாள்.

“யாரும் வராத வீட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடுறீங்க?”

பெரியவர் ஸ்டூலிலிருந்து இறங்குகிறார். தலைக்கு மேலே பல்புகள் மஞ்சளும் நீலமுமாக எரியத் தொடங்குகின்றன. மாலை வெளிச்சத்தில் அவை சோகை பிடித்ததுபோல் தெரிகின்றன.

“இருட்டவே இல்ல, அதுக்குள்ள போட்டுட்டீங்க?”

“நான் போடல. பொண்ணு போடுறா, வெளிநாட்லேர்ந்து, அவ போன்லயே.”

“பேசுனாளா?”

சட்டைப்பையிலிருக்கும் போனைத் தொட்டுப் பார்க்கிறார்.

“இல்ல. அங்க இப்பதான் விடியுது, எந்திரிச்சிருப்பா.”

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்கிறது. பல்புகள் அணைந்து, ஒருமுறை எரிந்து, மறுபடி அணைகின்றன. அண்ணாந்து பார்த்தபடியே, மகளிடமே சொல்வதுபோல், “சரிம்மா” என்கிறார்.