இணைப்பில் இருவர்

“வேலை முடிஞ்சா சும்மா பிரவுசர் ஜன்னல மூடிட்டுப் போவாத லா. ‘எக்ஸிட்’ அடி. இல்லன்னா நீ இன்னும் உள்ளதான் இருக்கேன்னு சர்வர் நெனைச்சுக்கும்” என்று யோகேஸ்வரன் ஒருமுறை சொன்னான்.

“அதாச்சும் என்னைய நெனைக்குதே!” என்று சிரித்தாள் அன்பரசி.

அவன் ஜித்ரா நகரில் கம்பெனியின் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். அவன் மனைவியான அவள் பாடாங் செராய் வீட்டிலிருந்தே, பிரவுசர் வழியாக அதே சர்வரில் வேலை செய்கிறாள். “வந்துவிடுங்கள்” என்று கேட்க எட்டு மாதமாக அவளுக்கு வாய் வரவில்லை.

இன்று காலை இணைப்பில் இருவர் என்று திரை காட்டியது. ஒன்று அவள் பெயர், மற்றது அவனுடையது. இரண்டும் இந்த வீட்டு இணையத்திலிருந்தே நுழைந்திருந்தன.

போன் செய்தாள்.

“நான் கடையில ரொட்டி சானாய் சாப்பிடுறேன்மா. போன தடவ வீட்டுக்கு வந்தப்ப ‘எக்ஸிட்’ அடிக்காம விட்டிருப்பேன்.”

“உங்க பேர்ல கடைசியா கீ தட்டி நாலு செகண்ட்தான் ஆகுதுன்னு காட்டுதுங்க.”

அவள் அடுத்த அறையை எட்டிப் பார்த்தாள். அவனுடைய மேசையில் கம்ப்யூட்டர்கூட இல்லை. திரும்பி வந்தபோது திரையில் அவன் பெயருக்கு எதிரே இருந்த நான்கு, பூஜ்யமாகியிருந்தது.

“ஏங்க,” என்றாள், “அந்த வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வந்துருங்க.”