ஒன்பது கஜப் புழு

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. மாட்டுக்கறி சாப்பிடுவீங்களா?”

டாக்டர் ரைஹானத் கேட்டதும் கோபாலசுப்பிரமணியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றி நிறைய விபூதி, பக்கத்தில் மடிசாரோடு மனைவி நாகலக்ஷ்மி. இந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது?

“மலப் பரிசோதனையில நாடாப்புழு முட்டை இருக்கு சார். பெரும்பாலும் சரியா வேகாத மாட்டுக்கறியில இருந்துதான் வரும்.”

“சிவ சிவா! அமாவாசைன்னா எங்காத்துல வெங்காயம்கூட கிடையாது!” நாகலக்ஷ்மி போட்ட சத்தத்தில், வெளியே டோக்கனோடு காத்திருந்த தச்சநல்லூர் ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பாவம், மலச்சிக்கல்காரர். தவம் கிடந்து நேற்றுக் காலையில்தான் ஒரு டப்பா தேற்றியிருந்தார். அதை லேபில் கொடுக்க ஆட்டோவில் கிளம்பிய நாகலக்ஷ்மி, போன சுருக்கில் திரும்பி வந்து, தலைக்குக் குளித்து, புடவை மாற்றிக்கொண்டு மறுபடி போனாள். இவள் மடிக்கு ஓர் அளவே கிடையாதா என்று அப்போது சிரித்தார். இப்போது சிரிப்பு வரவில்லை.

“உண்மையைச் சொல்லுங்கோ! வெள்ளிக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம். மாடு தின்ன கையாலயா தாரை வார்ப்பேள்? என் தம்பியை மனையில உட்கார வெச்சுடுவேன், ஆமா!”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே மகள். அவளை மடியில் வைத்துத் தாரை வார்க்க எத்தனை ஆசைப்பட்டிருந்தார்! ஆனாலும் பொய் சொல்லிவிட்டு அந்த மனையில் உட்கார மனசு ஒப்பவில்லை.

“கொல்லத்துக்கு ஆடிட்டுக்குப் போறச்சே... பரோட்டாவோட... ஒரே ஒரு தரம்தான், நாகு...”

“ஒரு தரமா?”

“மாசத்துக்கு.”

நாகலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி மனுஷா! குடும்ப மானத்தையே கப்பலேத்திட்டேளே!”

டாக்டர் பைய மாத்திரையை நீட்டினார். “விடுங்கம்மா. ஒரே வேளை மாத்திரை, சரியாப் போயிரும். சாப்பிடாம விட்டாத்தான் கஷ்டம். உங்க புடவை நீளத்துக்கு, ஒன்பது கஜம், வயித்துக்குள்ளயே வளர்ந்துக்கிட்டு கிடக்கும்.”

நாகலக்ஷ்மியின் கை வயிற்றுக்குப் போனது.

கோபாலசுப்பிரமணியன் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரையை வாயருகே கொண்டுபோனார். அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“அதை இப்படிக் கொடுங்கோ! உங்களோடது ஆட்டோவுலேயே கொட்டிடுத்து... லேபுல கொடுத்தது என்னோடது!”