ரோஜா மணம்

வைரஸ் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்ன உடனே, நுரைக்காரர் தன் பையின் ஜிப்பைத் திறந்தார்.

மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். அவருக்குப் புரியவில்லை. சந்தோஷத்தில் மிதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் நுரைக்காரர். பெண்கள் அந்தரங்கப் பகுதியைக் கழுவிக்கொள்ளும் ரோஜா மணத் திரவம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. தண்ணீர் இல்லாமலே நுரை வரவழைக்கிற வாய். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: “எங்க வீட்டம்மாவே இதைத்தான் யூஸ் பண்றாங்க.”

இன்று காலையிலிருந்து அந்த வாய்கூட அடங்கியே கிடந்தது. வெளியே காத்திருந்தபோது சுவரிலிருந்த கர்ப்பப்பை படத்தை, ஏதோ தொலைந்த ஊரின் வரைபடம்போலப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பயம். வேறொன்றுமில்லை.

மனைவியின் கருப்பை வாயில் ஒரு வைரஸ் இருப்பதாக முதல் சோதனையில் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்து போவதுதான், தானாகப் போய்விடும் என்றார்கள். போகவில்லை. போன வருடச் சோதனையிலும் அதே வைரஸ், அதே இடத்தில், வாடகைக்கு வந்தவன் சொந்த வீடுபோலக் காலை நீட்டிப் படுத்திருந்தது. இப்படியே பல வருடம் தங்கிவிட்டால் புற்றுநோய் வரைக்கும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதை, அவள் வீட்டுக்கு வந்து பருப்பைக் களைந்துகொண்டே சொன்னாள்.

சிலர் பயந்தால் மூலையில் முடங்குவார்கள். நுரைக்காரர் பாட்டில் கொண்டுவந்தார். மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்தது அதற்குப் பிறகு இரண்டானது. சுத்தமாக இருந்தால் எந்தக் கிருமி அண்டும் என்பது அவர் கணக்கு. மாதக் கடைசியில் குளியலறையை எட்டிப் பார்த்து, பாட்டில் காலியாக இருப்பதைக் கண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இப்போது டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நல்ல கிருமிக் கூட்டம் ஒன்று குடியிருக்குமாம். பாலைத் தயிராக்குகிற கிருமிகளுக்கு உறவுக்காரர்கள். அவை அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும். அவை குறைந்துபோனால் வைரஸ் தங்குவதற்குத் தோதாகிவிடுகிறது. போன வருடம் இவளிடம் அந்தக் கூட்டம் ஏறக்குறைய காலி. இந்த வருடம் ஜே ஜே என்று நிறைந்திருக்கிறது. அதனால்தான் வைரஸ் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது, உடம்பே விரட்டியிருக்கலாம், அடுத்த வருடமும் சோதனைக்கு வர வேண்டும் என்றார்.

நுரைக்காரர் காதில் கடைசிப் பாதி விழவில்லை. கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன சந்தோஷம் தாங்காமல், பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசை நடுவில் வைத்தார். எல்லாப் புகழும் இதற்கே என்பதுபோல ஒரு பார்வை வேறு.

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இதைத்தானேம்மா போன வருஷம் தொடவே கூடாதுன்னு சொன்னேன். வாசனை போட்டுக் கழுவினா நல்ல கிருமியும் சேர்ந்து போயிடும்னு. நிறுத்தினீங்களா, இல்லையா?”

“அன்னைக்கே நிறுத்திட்டேன் டாக்டர்.”

நுரைக்காரர் பாட்டிலைத் திரும்ப எடுத்தார். பைக்குள் வைத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டிருந்ததால் யார் முகத்தையும் பார்க்காமல் தப்பித்தார்.

இரண்டு பேரும் வெளியே வந்து தாழ்வாரத்தில் நடந்தார்கள். அவருக்குக் கோபம் வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? தான் ஆசை ஆசையாகச் சுமந்து வந்ததே அவளுக்கு ஆகாததாக இருந்திருக்கிறது என்பதுதான் அவரை உறுத்தியது. ஒவ்வொரு மாதமும் காலிப் பாட்டிலைப் பார்த்துத் தன் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த முகத்திடம் அவளால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

படிக்கட்டு அருகே நின்றுவிட்டார்.

“அப்போ அத்தனை பாட்டிலும் எப்படிடீ காலியாச்சு?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மடங்கியிருந்த அவர் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தாள்.

வெள்ளைச் சட்டை. ஒரு வருடமாக அலுவலகத்தில் எல்லோரும் கண்வைக்கிற வெள்ளை. எந்த லாண்டரி என்று கேட்டவர்களிடம் எல்லாம், எங்க வீட்டம்மா கைராசி என்று பீற்றிக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது.

மெல்லத் தலையைச் சாய்த்து மோந்து பார்த்தார்.

ரோஜா.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மாடியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து உஷ் என்றாள்.

மறுநாள் நுரைக்காரர் துணி சோப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டார். நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, திடீரென்று என்ன காரணம் என்று மேலாளர் கேட்டதற்கு, வாயே திறக்காமல் காலரைக் காட்டினார்.