பிட்சாடனருக்கு ஒரு ரூபாய்

"எங்க சாமிக்கு ஒரு ரூபாயா?" என்று கேட்டார் கோவிந்தராசு.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு ஊர்க் கோயில். அவர் அதன் டிரஸ்ட் தலைவர். கையில், ஆடிட்டர் மாதங்கி கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த வருடக் கணக்கு. சொத்துப் பட்டியலில் பித்தளை அண்டா நாலாயிரத்து இருநூறு. மைக் செட் பதினோராயிரத்து எண்ணூறு. ஐம்பொன் பிட்சாடனர், உற்சவர், ஒன்று.

"ஒண்ணுன்னா எண்ணிக்கைன்னுல்ல நெனச்சேன்" என்றார் செயலாளர் துரைராசு. "ரூபாயாம்ல."

மண்டபத்தில் சலசலப்பு. சாயங்கால பூஜைக்கு நாலு பேர் சேராத ஊர். கூட்டத்துக்கு உட்கார இடமில்லை.

"பிச்சை எடுக்கிற சாமிதானேன்னு சில்லறையாப் போட்டுட்டீங்களாம்மா?" என்றார் கோவிந்தராசு.

சிரித்தார்கள். மாதங்கி சிரிக்கவில்லை. போன வருடம்தான் தனியாக ஆபீஸ் போட்டிருந்தாள். இந்தக் கோயில் போனால், இதைப் பார்த்துக் கணக்குக் கொடுத்த மற்ற கோயில்களும் போய்விடும்.

"விக்கக் கூடாத பொருளுக்கு விலை போட முடியாதுங்க" என்றாள். "அதுக்காகப் போடாம விட்டா பட்டியல்லயே இருக்காது. பட்டியல்ல இல்லாத பொருள் நாளைக்குக் காணாமப் போனா, எங்கேன்னு கேக்க முடியாது. அதனால பேருக்கு ஒரு ரூபாய் போட்டு வைக்கிறது வழக்கம். அது சாமியோட மதிப்பு இல்லீங்க. இருக்காருங்கறதுக்கு அடையாளம்."

"பேருக்கு" என்றார் கோவிந்தராசு, கூட்டத்தைப் பார்த்து. "கேட்டுக்கிட்டீங்களா? நம்ம அண்டாவுக்குக் கெடைச்ச மரியாதை நம்ம சாமிக்கு இல்ல."

அண்டாவுக்கு அந்த விலை சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. அது அவருடைய மைத்துனர் கடையில் வாங்கியது.

"சார், எல்லாப் பழைய உற்சவருக்கும் நாங்க இப்படித்தான்..."

"உங்க வழக்கம் கும்பகோணத்தோட இருக்கட்டும்மா. சாமிய மட்டந்தட்டி எழுதின கணக்குல என் கை கையெழுத்துப் போடாது. துரைராசு, வேற ஆடிட்டர் பாக்கறதுன்னு தீர்மானம் எழுதுய்யா."

துரைராசு எழுதத் தொடங்கினார். கை தட்டினார்கள். கோவிந்தராசுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் ஒற்றிக்கொண்டார். இப்படிப்பட்ட பக்தரையா நெல் வியாபாரத்தில் மூட்டை எடையைக் குறைக்கிறார் என்று திட்டினோம் என்று சிலருக்கு வருத்தம்கூட வந்தது.

மாதங்கி பென்சிலை எடுத்தாள்.

"சரிங்க சார், மாத்திடறேன். எவ்வளவு போடட்டும்?"

"நாலே கால் கோடி."

கூட்டம் ஒரு நிமிடம் சாமி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சும்மா ஒரு தொகை போட முடியாதுங்களே. வெவரம் தெரிஞ்சவங்க யாராவது நேர்ல பாத்து மதிப்பு சொல்லியிருக்கணும்."

"நான் என்ன வாய்க்கு வந்ததச் சொல்றேன்னு நெனச்சீங்களா?" கோவிந்தராசு மேசையைத் தட்டினார். "போன ஆடி மாசம் மெட்ராஸ்லேருந்து ஆளக் கூட்டியாந்து, நானே கதவத் தொறந்து காட்டி, எடை பாத்து, அளந்து பாத்து, அவன் கமிஷன் போக நம்ம கைக்கு நாலே கால்னு..."

துரைராசின் பேனா நின்றது.

பின்வரிசையிலிருந்து, கோயில் வாசலில் பூ விற்கும் ராஜாத்தி கேட்டாள்: "அந்த மெட்ராஸ்காரரு கும்புட வந்தவராண்ணே?"